ஒன்பது மாதக் குழந்தை திடீரென்று தொட்டிலில் படுக்க மறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி (கோவையிலிருந்து ஒரு தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது மாதமும் பத்து நாளும் ஆகின்றன. மூன்றாம் மாதம் முதலே, எங்கள் கட்டிலை ஒட்டிப் போட்டிருக்கும் மரத் தொட்டிலில்தான் அவள் உறங்கி வந்தாள். இரவு எட்டரை மணிக்குப் பால் கொடுத்து, தோளில் சிறிது நேரம் தட்டிக்கொடுத்துக் கிடத்தினால் ஓரிரு முறை புரண்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். இடையில் பாலுக்காக ஒருமுறை விழிப்பாள். மற்றபடி விடியும்வரை எங்களுக்கும் உறக்கம் கிடைத்தது.

பங்குனி மாதத்தில் கம்பத்திலுள்ள என் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள் தங்கினோம். அங்கே மரத் தொட்டில் இல்லாததால், விட்டத்துக் கொக்கியில் அம்மாச்சியின் பழைய நூல் சேலையைத் தூளியாகக் கட்டினார்கள். முதல் நாளே அதில் இரண்டு மணி நேரம் உறங்கினாள். பிறகு பகல், இரவு எல்லாம் தூளிதான். மாலை ஐந்து மணிக்குப் போட்டால் ஏழு மணிவரைகூடத் தூங்குவாள். ஆட்டுவதற்கு வீட்டில் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்கள்.

ஊர் திரும்பிய நாளிலிருந்து தொட்டில் என்றாலே அலறுகிறாள். என் தோளில் நன்றாக உறங்கிய பிறகு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கிடத்தினாலும், என் உடம்பிலிருந்து அவள் விலகும் அந்த நொடியிலேயே கண் திறந்துவிடுகிறது. உடனே புரண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து நின்று அழுகிறாள். நேற்று இரவு பதினொன்று, ஒன்று, இரண்டே கால், நான்கு என்று எழுந்தாள். விடியற்காலையில் வேறு வழியில்லாமல் சோபாவில் சாய்ந்தபடி மார்பில் போட்டுக்கொண்டு நானும் கண்ணயர்ந்துவிட்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. உரம் (கழுத்திலோ முதுகிலோ சுளுக்கு) விழுந்திருக்கும், சேலையில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். இரண்டு நாள் அழவிட்டால் பழகிவிடும் என்கிறார் கணவர். எங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொள்ளச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அடுத்த மாதம் முதல் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். தூளியில் போட்டதால்தான் பழக்கம் கெட்டதா, இங்கேயும் ஒரு தூளி கட்டிவிடலாமா, அழவிடுவது சரியா என்று எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


பதில் 1 (மதுரை, இரண்டு பிள்ளைகளின் தாய்)

சகோதரி, முதலில் உங்கள் மேலும் உங்கள் அம்மா மேலும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். என் இரண்டாவது மகன் எந்த ஊருக்கும் போகவில்லை, தூளியையே பார்த்ததில்லை. அவனும் சரியாக எட்டரை மாதத்தில் இதையேதான் செய்தான். ஊரும் தூளியும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் மகள் இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒன்று, எழுந்து நிற்பது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கம்பியைப் பிடித்து நிற்கிறாள் என்று. நிற்கத் தெரிந்த பல குழந்தைகளுக்குத் திரும்ப உட்காரத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு என் மகன் தொட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, முழங்கால் நடுங்க நடுங்க நின்று அழுவான். நான் படுக்க வைத்தால் மறுபடியும் எழுவான். கோபித்துக்கொண்டு நிற்கிறான் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான், அவனுக்குக் கீழே இறங்கும் வழி தெரியவில்லை என்பது புரிந்தது. பகலில் அவன் நாற்காலியைப் பிடித்து நிற்கும்போது, அவன் காலடியில் ஒரு கிலுகிலுப்பையை வைத்து, இடுப்பைப் பிடித்து முழங்காலை மெல்ல மடக்கி உட்கார வைத்தேன். ஒரு நாளைக்கு இருபது முறையாவது செய்திருப்பேன். ஐந்தாறு நாளில் தானாகவே தொப்பென்று உட்காரப் பழகினான். அதன் பிறகு இரவில் எழுந்து நின்றாலும், தானே இறங்கிப் படுக்க அவனுக்கு வழி இருந்தது.

இரண்டாவது, நீங்கள் இல்லாதபோதும் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும். நான்கு மாதத்தில் கண்ணுக்கு மறைந்த பொருள் மனத்துக்கும் மறைந்துவிடும். எட்டு, ஒன்பது மாதத்தில் அப்படி இல்லை. அம்மா போய்விட்டாள், எங்கே போனாள், திரும்ப வருவாளா என்ற கேள்வி அந்தச் சின்னத் தலைக்குள் முளைத்துவிடுகிறது. இந்தப் பிரிவுப் பயம் வளர்ச்சியின் அடையாளம்; பிடிவாதம் அல்ல. இதற்குப் பகலிலேயே மருந்து உண்டு. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு "அம்மா எங்கே காணோம்?" என்று கேட்டு, விலக்கி "இதோ!" என்று காட்டுங்கள். அடுத்த அறைக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போங்கள். போனபின் குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். அவள் அழுவாளே என்று பயந்து, பார்க்காத நேரத்தில் நழுவிப் போவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது அவளுடைய சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடும்.

ஊர் திரும்பியதிலிருந்து தொட்டில் என்பது அவளுக்கு அழுகைக்கான இடமாகிவிட்டது. எனவே பகலில், அவள் வயிறு நிறைந்து சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பத்து நிமிடம் அதில் விளையாட விட்டு நீங்களும் பக்கத்திலேயே உட்காருங்கள். தூங்க வைக்கும் எண்ணமே அப்போது வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தொட்டிலின் அடித்தளம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பிறந்த குழந்தைக்காக மேல் மட்டத்தில் வைத்ததை அப்படியே விட்டிருந்தால், நிற்கத் தெரிந்த குழந்தை தலைகுப்புற வெளியே விழுந்துவிடும். உடனே அடி மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள்.


பதில் 2 (திருச்சி, குழந்தைகள் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்)

அம்மா, உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைக் கவலைப்பட வைத்தது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி உறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை களைப்பில் செய்திருப்பீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் குழந்தை உறங்கும் இடங்களில் மிக ஆபத்தானது அதுதான். உங்கள் கை தளர்ந்தால் குழந்தை உங்கள் உடம்புக்கும் சோபாவின் சாய்வுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் முகம் புதைந்து மூச்சுத் திணறக்கூடும். கண் செருகுகிறது என்று தெரிந்தால் கணவரை எழுப்பி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நள்ளிரவில் அவரை எழுப்பத் தயங்க வேண்டாம்.

திடீரென்று படுக்க மறுக்கும் குழந்தைக்கு முதலில் உடம்பில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழக்கத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். காதில் சீழ் அல்லது அழற்சி இருந்தால், மல்லாந்து படுக்கும்போது காதுக்குள் அழுத்தம் கூடி வலி அதிகமாகும். தோளில் நிமிர்ந்து கிடக்கும்வரை அமைதியாக இருந்து, கிடத்தியவுடன் வீரிடும் குழந்தைக்கு, அதுவும் சமீபத்தில் சளி பிடித்திருந்தால், காதைப் பார்க்காமல் நான் எதையும் சொல்ல மாட்டேன். பால் எதுக்களிப்பு, மூக்கடைப்பு, வாயைத் திறந்து குறட்டை விடுதல் ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்பது மாதம் முடிந்து தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போட்டிருந்தால், போட்ட ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் சில குழந்தைகளுக்கு இலேசான காய்ச்சலும் சிணுங்கலும் வரும். பலருக்கு இந்த இடைவெளி தெரியாததால் வேறு எதையோ காரணமாக நினைத்துவிடுகிறார்கள்.

இரும்புச்சத்தைப் பற்றியும் கேளுங்கள். ஆறு மாதத்துக்குமேல் தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும் இரும்பு போதாது. இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தைகள் அமைதியில்லாமல் புரண்டுகொண்டே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி வீதம் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலச் சிரப்பு அரசின் திட்டத்திலேயே கொடுக்கப்படுகிறது. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ கேட்டால் சொல்வார்கள்.

உரம் விழுவது பற்றி உங்கள் மாமியார் சொன்னதை அன்பாகவே மறுத்துவிடுங்கள். அவர் குழந்தை மீதுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் சேலையில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து உருட்டுவதும் குலுக்குவதும் குழந்தையின் கழுத்துக்கும் மூளைக்கும் காயம் ஏற்படுத்தக்கூடியவை. கழுத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்தாலோ, தூக்கும்போது கத்தினாலோ, அது மருத்துவர் பார்க்க வேண்டிய குறி. அதேபோல் தூக்கம் வரட்டும் என்று வசம்பு உரசிக் கொடுப்பதும், வீட்டிலிருக்கும் சளி மருந்தில் சில சொட்டு கொடுப்பதும் கூடவே கூடாது. சளிக்கென்று பரவலாக விற்கப்படும் குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் எச்சரித்தது. அந்த மயக்கத்தை உறக்கம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு, மூச்சு மந்தமான குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

இனித் தொட்டில். உள்ளே உறுதியான தட்டையான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு பருத்தித் துணி, இவை போதும். கடுகுத் தலையணை, பக்கவாட்டு மெத்தைகள், போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். பக்கவாட்டு மெத்தை குழந்தைக்கு இதமாக இருக்கும் என்று வாங்குகிறார்கள். மூச்சுக்கு அது தடை, நிற்கத் தெரிந்த குழந்தைக்கு ஏறி மிதிக்கும் படி. கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் பக்கத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கொசு வலை கட்டினால் அவள் கைக்கு எட்டாதபடி வெளிப்புறமாக இழுத்துக் கட்டுங்கள்.

மெத்தையின்மேல் ரப்பர் விரிப்பு ஏதும் போட்டிருக்கிறீர்களா? இந்தக் கோடையில் அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். மேலே துணி விரித்திருந்தாலும் குழந்தையின் முதுகு வெந்துபோகும். நூல் சேலைத் தூளியில் காற்று ஊடுருவி நுழையும். அங்கே நன்றாக உறங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இருவருக்கும் நடுவில் படுக்க வைப்பதைப் பற்றி: நம் வீடுகளில் தலைமுறைகளாகச் செய்வதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் பாட்டிமார் படுத்தது தரையில், கோரைப் பாயில். இன்றைய உயரமான கட்டில், அமுங்கும் மெத்தை, கனத்த போர்வை, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவேயுள்ள சந்து, இவை வேறு கதை. ஒரே அறையில், தனிப் படுக்கையில் என்பதே எனக்குத் தெரிந்த நல்ல ஏற்பாடு. அதை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி

இத்தனை பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே மருத்துவரிடம் காட்டினேன். காது, தொண்டை இரண்டும் நன்றாக இருக்கின்றன. கீழ் ஈறில் இரண்டாவது பல் வெளிவரும் நிலையில் இருக்கிறது. தடுப்பூசி சென்ற வாரம்தான் போட்டோம், காய்ச்சல் வரவில்லை. இரும்புச் சிரப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தொட்டிலின் அடித்தளம் நீங்கள் சொன்னபடி மேல் மட்டத்தில்தான் இருந்தது. அவள் எழுந்து நின்றபோது மேல் கட்டை அவள் இடுப்புக்குச் சற்றே மேலே இருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று மாலையே கணவர் திருகாணிகளைக் கழற்றி அடி மட்டத்துக்கு இறக்கினார். ரப்பர் விரிப்பும் இருந்தது. அதை உருவி எடுத்தபோது அதன் மேல்பக்கம் ஈரமாக இருந்தது, அவளுடைய வியர்வை. இத்தனை நாள் அதன்மேல் கிடத்தித்தான் ஏன் அழுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் அழுகை முழுவதும் நிற்கவில்லை. தூளியைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் அடுக்ககக் கூரையில் கொக்கி இல்லை. இரும்புச் சட்டத்தில் தொங்கும் தூளி ஒன்றை வாங்கலாமா என்று நினைக்கிறேன்.


பதில் 3 (சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ்த் தாய்)

தூளியை வெறுத்துப் பேசுபவர்களில் நான் ஒருத்தி அல்ல. இங்கே ஸ்பிரிங் வைத்த துணித் தூளி தமிழர் வீடுகளில் மட்டுமல்ல, மலாய்க் குடும்பங்களிலும் பழக்கத்தில் இருக்கிறது. அவர்கள் புவாயான் என்பார்கள். என் மகன் அதில்தான் வளர்ந்தான். அசைவு குழந்தையை அமைதிப்படுத்தும் என்பது உண்மை. கருவறையில் ஒன்பது மாதமும் அசைந்துகொண்டிருந்த உயிர் அல்லவா?

ஆனால் உங்கள் மகளின் வயதில் புதிதாகத் தூளி வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. புரண்டு, உட்கார்ந்து, பிடித்து நிற்கும் குழந்தைக்குத் தூளி பாதுகாப்பான இடம் அல்ல. எட்டாம் மாதத்தில் ஒரு மதியம், தூளித் துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்து எழ முயன்ற என் மகன் அப்படியே பக்கவாட்டில் சரிந்துவிட்டான். கீழே கனமான மெத்தை விரித்திருந்ததால் தப்பித்தான். சேலைக்குள் முதுகு வளைந்து, தாடை மார்பில் இடிக்கும்படி கிடந்தால் மூச்சும் சரியாகப் போகாது. நெடுநேர இரவு உறக்கத்துக்குத் தட்டையான படுக்கைதான் நல்லது என்பதை நான் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டேன்.

அசைவை விட்டு வெளியே வருவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் தூங்கும்வரை ஆட்டினேன். பிறகு, தூங்கிய உடனே ஆட்டத்தை நிறுத்தப் பழகினேன். அடுத்து, கண் சொக்கும்போதே நிறுத்தினேன். அதன்பின் ஆடாத தொட்டிலில் கிடத்தி, ஆட்டத்துக்குப் பதிலாகத் தொடையில் அதே தாளத்தில் தட்டினேன். தூளி ஆடும் வேகத்தில் தட்ட வேண்டும், அவசரமாகத் தட்டக் கூடாது. இது என் மாமியார் சொல்லிக் கொடுத்த நுட்பம். தட்டுவதையும் நாளாக நாளாகக் குறைத்து, கடைசியில் கையை அப்படியே வைத்திருந்தால் போதும் என்றானது. உங்கள் வீட்டில் தூளியே இல்லை என்பதால் முதல் படிகளைத் தாண்டி, தட்டுவதிலிருந்தே நீங்கள் தொடங்கலாம். கம்பத்தில் அம்மாச்சி என்ன தாலாட்டு பாடினாரோ, அதையே இங்கேயும் பாடுங்கள். சேலை மாறலாம், இடம் மாறலாம்; குரலாவது அவளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்.

மாலை ஐந்து முதல் ஏழுவரை தூங்குவாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் தொடர்கிறதா? ஏழு மணிக்கு எழுந்த குழந்தைக்கு எட்டரை மணிக்கு எப்படித் தூக்கம் வரும்? நான்கு முதல் பதினொரு மாதம்வரை உள்ள குழந்தைக்குப் பகல், இரவு இரண்டும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த மணிக்கணக்கை மாலையிலேயே செலவழித்துவிட்டால் இரவுக்கு மிச்சம் இராது. ஒன்பது மாதத்தில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு தூக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். மதியத் தூக்கம் நான்கு மணிக்குள் முடிந்துவிட்டால் இரவு எளிதாகும்.


பதில் 4 (சென்னை, பதினொரு மாத மகனின் தந்தை)

தோளிலிருந்து விலகும் நொடியில் கண் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதே இடத்தில்தான் இரண்டு மாதம் போராடினேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் 2022-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பெரிதும் உதவியது. ஏழு மாதத்துக்கு உட்பட்ட 21 குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்திருக்கிறார்கள். முதுகு மெத்தையில் படுவதால் துடிப்பு கூடவில்லை; தாயின் உடம்பிலிருந்து பிரியத் தொடங்கும்போதே கூடிவிடுகிறது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் சீராக நடந்து, தூங்கியவுடன் கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் மடியில் வைத்து உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்தினால் விழிப்பது குறைவு என்பது அவர்கள் கண்டது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். என் மகனுக்கும் அப்போது எட்டு மாதம் முடிந்திருந்தது, ஆனாலும் அந்த எட்டு நிமிடக் காத்திருப்பு எங்களுக்குப் பலன் தந்தது. கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன்; விரல்கள் விரிந்து, கை துவண்டு தொங்கும்வரை எழ மாட்டேன். கிடத்தும்போது முதலில் பாதம், பிறகு இடுப்பு, கடைசியில் தலை என்று இறக்கி, என் மார்பு அவன்மேல் பட்டபடியே சிறிது நேரம் குனிந்திருப்பேன்.

இது அன்றைய இரவைக் கடத்துவதற்கான வழி மட்டுமே. நிரந்தரமான மாற்றம், தூக்கம் வரும் கடைசி நிமிடத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்பதைப் பொறுத்தது. நாம் எல்லோரும் இரவில் பலமுறை இலேசாக விழிக்கிறோம். தோளில் உறங்கிய குழந்தை அப்படி விழிக்கும்போது தொட்டிலில் கிடப்பதைக் கண்டால், நாம் கட்டிலில் படுத்துக் கூடத்துத் தரையில் கண் விழித்தால் எப்படித் திடுக்கிடுவோமோ, அப்படித்தான் அதுவும் திடுக்கிடும். கண் சொக்கியிருக்கும்போதே தொட்டிலுக்குப் போய், அங்கேயே உறங்கிப் பழகினால் இரவு நடுவிலும் தானாகவே மறுபடி உறங்கிவிடுவார்கள்.

அழவிடுவது பற்றி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். கதவைச் சாத்திவிட்டு வெளியேறுவதற்கு என் மனைவியின் மனமும் ஒப்பவில்லை, எனக்கும் ஒப்பவில்லை. அதனால் தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அழுதான். தூக்கவில்லை; கையை நெஞ்சில் வைத்து, "அப்பா இங்கேதான் இருக்கிறேன், தூங்கு" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் இரவு நாற்பது நிமிடம் ஆனது. மூன்றாம் இரவு பதினைந்து நிமிடம். நான்காம் இரவு மறுபடியும் அரை மணி நேரம் அழுதான். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள் என்று பிறகு புரிந்தது. ஒரு வாரம் கழித்து நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டேன், பிறகு கதவருகே. மெல்போர்னில் இப்படி அருகிலிருந்து பழக்குவதையும், சிறிது சிறிதாக நேரம் விட்டுத் தேற்றுவதையும் கற்றுக்கொடுத்து, 326 குழந்தைகளோடு தொடங்கி ஆறு வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. அதில் குழந்தைகளின் மனநலத்துக்கோ, பெற்றோரிடம் உள்ள ஒட்டுதலுக்கோ எந்தத் தீங்கும் காணப்படவில்லை. எனவே அருகில் ஆள் இருக்கும்போது அவள் சிறிது அழுவதைக் கண்டு நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. பல் முளைக்கும் வலியோ காய்ச்சலோ உள்ள நாட்களில் மட்டும் தொடங்காதீர்கள்.

என் ஒரு வேண்டுகோள்: இதை உங்கள் கணவர் செய்யட்டும். பால் வாசம் உங்களிடம் இருப்பதால், நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டே எடுக்காமல் இருப்பது அவளுக்கு இன்னும் கடினம். வேலைக்குத் திரும்பும் முன்பே அப்பாவின் கையாலும் உறங்கலாம் என்று அவளுக்குப் பழகிவிடும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். இன்று தொட்டில், நாளை மடி, மறுநாள் நடுக்கட்டில் என்று மாறினால், எவ்வளவு அழுதால் எது கிடைக்கும் என்று பார்ப்பதுதான் குழந்தைக்கு வேலையாகிவிடும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி (பதினெட்டு நாள் கழித்து)

நடந்ததை எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பல் வெளியே வரும்வரை நான்கு நாள் காத்திருந்தோம். அந்த நாட்களில் பகலில் உட்காரப் பழக்கினேன். இப்போது கம்பியை விட்டுவிட்டுத் தானே இறங்கிவிடுகிறாள். மாலைத் தூக்கத்தை நிறுத்தியது மிகவும் சிரமமாக இருந்தது. ஆறு மணிக்கெல்லாம் கண்ணைக் கசக்குவாள். மாமியார்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் காகம், நிலா எல்லாம் காட்டி ஏழரைவரை சமாளித்தார். உரம் பற்றிய பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. குழந்தையின் உறக்கத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் அவருக்கு மனநிறைவு என்று நினைக்கிறேன்.

இரவில் கணவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் இரவு ஐம்பது நிமிடம். நான் கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். இரண்டாம் இரவும் அவ்வளவே. மூன்றாம் இரவிலிருந்து குறையத் தொடங்கியது. தாலாட்டு அவருக்குத் தெரியாது என்பதால், அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு நான்கு வரி எழுதிவைத்துக்கொண்டார். அதே நான்கு வரிதான் தினமும். இப்போது எட்டே முக்காலுக்குள் தொட்டிலிலேயே உறங்கிவிடுகிறாள். இரவில் ஒருமுறை பாலுக்கு எழுகிறாள், சில இரவுகளில் இரண்டு முறை.

பகல் தூக்கம் மட்டும் இன்னும் என் மடியில்தான். தொட்டிலில் போட்டால் இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறாள். முதல் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் மாமியார்தான். அவருக்கு முழங்கால் வலி, ஒன்றரை மணி நேரம் மடியில் வைத்திருக்க இயலாது. என்ன செய்யலாம்?


பதில் 5 (திருச்சி, ஓய்வு பெற்ற செவிலியர்)

மகிழ்ச்சி அம்மா. இரவு உறக்கம் முதலில் சரியாகும், பகல் உறக்கம் பின்னால்தான் வரும். எல்லாக் குழந்தைகளிடமும் ஏறக்குறைய இதே வரிசைதான். பதினோரு நாளில் இரண்டு தூக்கத்தையும் மாற்ற முயல வேண்டாம். காலைத் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுவதும் உறங்கி எழுந்த குழந்தை அப்போதுதான் எரிச்சலில்லாமல் இருக்கும். சன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கி, இரவில் செய்வதையே சுருக்கமாகச் செய்யுங்கள்: துணி மாற்றி, அதே நான்கு வரி தாலாட்டு, தொட்டில். இருபது நிமிடத்தில் எழுந்தால் உடனே தூக்காமல் ஐந்து நிமிடம் கையை வைத்துப் பாருங்கள். உறங்காவிட்டால் தூக்கிவிடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்று முதலே இதை மாமியார் செய்யட்டும்; நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். அவருக்கு முழங்கால் வலி என்றால், அடி மட்டத்துக்கு இறக்கிய தொட்டிலில் குனிந்து கிடத்துவது இடுப்புக்கும் சிரமமாக இருக்கும். அப்படியானால் பகலுக்கு மட்டும் தரையில் மெல்லிய, அமுங்காத மெத்தை ஒன்றை, அதைச் சுற்றி எதுவும் இல்லாதபடி விரித்துக்கொள்ளுங்கள். அவள் அதில் உறங்கும்போது மாமியார் அதே அறையில் இருக்க வேண்டும்.